பாக்கியை எடுத்து வை!

ஓட்டலுக்குப் போகிறீர்கள். ரெண்டு மசால் தோசை சொல்கிறீர்கள். பத்து நிமிஷம் ஆகிறது, இருபது நிமிஷம் ஆகிறது, தோசையைக் காணோம். நடுவில் சர்வர் வந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் கேசரி வைத்துவிட்டுப் போகிறார். சாப்பிடுகிறீர்கள். கல்லாவில் இருப்பவர் கேட்கிறார்: 'கேசரி எப்படி சார் இருந்துச்சு?'

நீங்கள் சொல்கிறீர்கள்: 'தோசை இன்னும் வரலை.'

கோபம் நியாயம்தான். பசி அப்படி. ஆனால் கேசரியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கவனித்தீர்களா? நெய் போதுமா, அடி பிடித்திருந்ததா, முந்திரி கண்ணில் பட்டதா, ஒன்றும் தெரியவில்லை. சமையல்கட்டில் கேசரி கிண்டியவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தால் பாவம், வெறுங்கையோடு திரும்பியிருப்பார்.

புத்தக விஷயத்தில் நாம் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அதற்கு 'வாசகர் கருத்து' என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

உதாரணம் இல்லாமல் பேசினால் திட்டுவீர்கள். சொல்கிறேன்.

ராபர்ட் ஜோர்டன் என்று ஓர் அமெரிக்க எழுத்தாளர். தெற்கு கரோலினா மாநிலம் சார்ல்ஸ்டன்காரர். நிஜப்பெயர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி. படித்தது இயற்பியல். வியட்நாம் யுத்தத்தில் ஹெலிகாப்டரில் துப்பாக்கியோடு உட்கார்ந்து போனவர். அவர் 1990-ல் 'வீல் ஆஃப் டைம்' என்ற மாயாஜாலத் தொடரை ஆரம்பித்தார். காலச் சக்கரம். மந்திரம் தெரிந்த பெண்கள், உலகத்தைக் காப்பாற்றவும் நாசமாக்கவும் பிறந்த ஒரு பையன், எல்லை தாண்டி வரும் தீய சக்தி என்று பெரிய விருந்து. ஒவ்வொரு பாகமும் தலைக்கு வைத்துப் படுக்கிற சைஸ். ஆரம்பத்தில் வருடத்துக்கு ஒன்று என்று சுடச்சுட வந்தது. போகப் போக இடைவெளி கூடியது. கதையும் தன் பங்குக்கு மெதுவாக நடந்தது.

2003 ஜனவரியில் பத்தாவது பாகம் வந்தபோது வாசகர்களுக்குப் பொறுமை போய்விட்டது. காரணம் உண்டு. ஒன்பதாம் பாகத்தின் முடிவில் மிகப் பெரிய சம்பவம் ஒன்று நடக்கிறது. 'அப்புறம் என்ன?' என்று இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தால், பத்தாம் பாகத்தில் பக்கம் பக்கமாக அதே சம்பவம் நடந்த நேரத்தில் மற்றவர்கள் எங்கே இருந்தார்கள், எப்படித் திகைத்தார்கள் என்று ஊர் ஊராகச் சொல்கிறார் மனிதர். அறுநூறு பக்கத்துக்கு மேல் படித்து முடித்தும் கதை அதே இடத்தில்தான் நிற்கிறது.

சரி, பதினொன்றாவது பாகத்திலாவது நகரும் என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு 2004 ஜனவரியில் ஒரு புத்தகம் வந்தது. பதினொன்றாம் பாகம் இல்லை. 'நியூ ஸ்பிரிங்' என்று ஒரு சின்ன முன்கதை. முதல் பாகத்துக்கு சுமார் இருபது வருடம் முன்னால் நடப்பது. முந்நூற்றுச் சொச்சம் பக்கம். அந்தத் தொடரில் அதெல்லாம் துண்டுச்சீட்டு.

கேட்க வேண்டுமா? 'பாக்கியை எடுத்து வைய்யா, அப்புறம் கதை சொல்லலாம்!'

அன்றைக்கு வந்த அபிப்ராயங்களைப் பிழிந்து எடுத்தால் குற்றச்சாட்டு மூன்றுதான் தேறும். ஒன்று, இது இப்போ தேவையா? ரெண்டு, முடிவு தெரிந்த கதையில் என்ன சுவாரஸ்யம்? மூன்று, பழைய சரக்கைப் பெரிசு பண்ணி விற்கிறார்கள். மூன்றையும் எடுத்துப் பார்த்துவிடலாம். நான் பி.காம். இலக்கியம் எனக்கு எவ்வளவு தெரியும் என்பது கிடக்கட்டும், கூட்டல் கழித்தல் வரும்.

முதல் குற்றச்சாட்டு. 'இந்தச் சின்னப் புத்தகத்தில் உட்கார்ந்ததால்தான் பெரிய புத்தகம் தாமதம்.'

கணக்குப் போடுவோம். எட்டாம் பாகம் 1998 அக்டோபர். ஒன்பதாவது 2000 நவம்பர். இடைவெளி இருபத்தைந்து மாதம். பத்தாவது 2003 ஜனவரி. இடைவெளி இருபத்தாறு மாதம். இந்த இரண்டு இடைவெளியிலும் நடுவில் எந்த முன்கதைப் புத்தகமும் வரவில்லை. பதினொன்றாவது 2005 அக்டோபர். இடைவெளி முப்பத்து மூன்று மாதம். நடுவில் 'நியூ ஸ்பிரிங்'.

ஆக, முன்கதையின் தலையில் நீங்கள் எழுதக்கூடிய அதிகபட்ச தாமதம் ஏழு மாதம். சரி, தாராளமாக எட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச இரண்டு வருடமும் பெரிய கதை தன் சொந்த எடையைத் தூக்க முடியாமல் தானே வாங்கிய தாமதம். அதற்கு யார் மேல் கேஸ் போடப் போகிறீர்கள்?

ஏழு மாதத்தில் ஒரு முழுப் புத்தகம் கிடைத்தது. அதோடு இன்னொன்றும். பதினொன்றாம் பாகம் பழைய வேகத்தோடு ஓடியது. பத்தாம் பாகத்தைத் திட்டியவர்களே அதை ஒப்புக்கொண்டார்கள். என் ஊகம் ஒன்று சொல்கிறேன். ஊகம்தான், சாட்சி கிடையாது. பத்தாம் பாகத்தில் ஏகப்பட்ட பாத்திரங்களின் கண் வழியாகக் கதை போகிறது. முன்கதையில் இரண்டே பேர். மொய்ரேன் என்ற பெண், லான் என்ற வீரன். ஒரே சாலை, ஒரே போக்கு. அப்படி ஒரு புத்தகம் எழுதியதில் மனுஷனுக்குக் கை பழைய மாதிரி ஓட ஆரம்பித்திருக்கலாம். கேரம் போர்டில் சிவப்பைப் போட முடியாமல் திணறுகிறவன் முதலில் ஓரத்தில் இருக்கும் காயை ஒன்று தட்டிவிடுவதில்லையா? அந்த மாதிரி.

இங்கே ஒருவர் எழுந்து நிற்பார். வங்கியில் வேலை பார்க்கும் என் நண்பர் நின்றார். இந்தத் தொடரை இரண்டு தடவை படித்தவர். 'எல்லாம் சரிப்பா, கடைசியில என்ன ஆச்சு? ஆளு செத்துப் போயிட்டாரே. கதையை முடிக்காம போயிட்டாரே. அன்னிக்கு வாசகர்கள் கத்தினது சரியாத்தானே போச்சு?'

இதுதான் இருப்பதிலேயே கனமான வாதம். தாண்டிக் குதித்துப் போக முடியாது.

நடந்தது இதுதான். 2006 மார்ச்சில் ஜோர்டன் தனக்கு அமிலாய்டோசிஸ் என்று அறிவித்தார். இதயத்தைப் பிடிக்கிற அபூர்வ வியாதி. 2007 செப்டம்பர் 16 அன்று காலமானார். வயது ஐம்பத்தெட்டு. கடைசி பாகம் முடியவில்லை. தன் குறிப்புகளையும், எழுதி வைத்த காட்சிகளையும், சொல்லிப் பதிவு செய்ததையும் விட்டுப் போனார். அவருடைய மனைவியும் எடிட்டருமான ஹாரியட் மெக்டூகல், பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்தார். ஒரே புத்தகம் என்று நினைத்த கடைசி பாகம் மூன்று தடிப் புத்தகமாக ஆனது. 2009-ல் ஒன்று, 2010-ல் ஒன்று, 2013 ஜனவரியில் கடைசி. மொத்தம் பதினான்கு. 1990-ல் பதினெட்டு வயதில் படிக்க ஆரம்பித்தவருக்கு முடிவு தெரியும்போது நாற்பத்தொன்று. அதுவரை காத்திருந்தவனின் கோபத்தில் பிரியம் இருக்கிறது. அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது.

ஆனால் வாதத்தைப் பாருங்கள். அந்த ஏழு மாதம் திரும்பக் கிடைத்திருந்தால் ஜோர்டன் தொடரை முடித்திருப்பாரா? பாக்கி இருந்தது மூன்று தடிப் புத்தகம். சாண்டர்சன் வேகமாக எழுதுவதற்குப் பேர் போனவர். கையில் குறிப்புகள் இருந்தும், வேலையை ஒப்புக்கொண்டதிலிருந்து கடைசிப் புத்தகம் கடைக்கு வர அவருக்கு ஐந்து வருடம் ஆயிற்று. ஏழு மாதத்தை வைத்துக்கொண்டு அதில் கால்வாசிகூடத் தேறாது. எந்த ஆடிட்டரிடம் வேண்டுமானாலும் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2004-ல் வியாதியைப் பற்றிய அறிவிப்பு கிடையாது. 2007-ல் தெரிந்த விஷயத்தை வைத்து 2004-ல் ஒரு மனிதன் செய்ததை 'வீண்' என்று எழுதுவது எந்தக் கணக்கிலும் சேர்த்தி இல்லை. இன்னும் இத்தனை வருடம்தான் என்று தெரிந்தால் யார்தான் கேசரி கிண்டுவார்கள்?

உண்மையில் அந்த மரணம் வாதத்தை அப்படியே திருப்பிப் போடுகிறது. அவர் கையால் எழுதி முடித்தவை தொடரில் பதினொன்று, இந்த முன்கதை ஒன்று. ஆகப் பன்னிரண்டு. பதினொன்றும் பாதி வழியில் நிற்கிற ரயில் பெட்டிகள். இன்ஜின் வேறொருவர் கொண்டு வந்து மாட்ட வேண்டியிருந்தது. அந்த உலகத்தில் ஜோர்டன் தானே ஆரம்பித்துத் தானே முடித்த ஒரே நாவல் எது? 'எதுக்கு இப்போ இது?' என்று கேட்டீர்களே, அதுதான்.

மூன்று முன்கதைகள் எழுதுவதாகத்தான் அவருக்குத் திட்டம். முதலாவதோடு நின்றது. பெரிய கதையை முடித்துவிட்டு மற்ற இரண்டையும் பார்க்கலாம் என்று வைத்திருந்தார். அவை எழுதப்படவே இல்லை. 'பாக்கியை முடி' என்று கத்தியவர்கள் இந்த வரவு செலவையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது குற்றச்சாட்டு. 'முடிவு தெரிந்த கதை. மொய்ரேனும் லானும் சாக மாட்டார்கள் என்று தெரியும். முதல் பாகத்தில் ரெண்டு பேரும் குதிரையில் வருகிறார்களே! பிறகு என்ன த்ரில்?'

இதைச் சொன்னவர்கள் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தார்கள், படித்தார்களா என்று எனக்குச் சந்தேகம்.

கதை இப்படிப் போகிறது. வெள்ளைக் கோபுரம் என்ற இடத்தில் மந்திரம் பயிலும் இரண்டு தோழிகள். ஒருத்தி மொய்ரேன், அரச குடும்பம். இன்னொருத்தி ஸியுவான், மீனவர் வீட்டுப் பெண். வாய்த்துடுக்கும் சிரிப்புமாகத் திரிகிறவள். ஒரு நாள் தலைவியின் அறையில் இருவரும் பணிவிடைக்கு நிற்கும்போது, அங்கே இருந்த முதிய பெண் ஒருத்தி திடீரென்று எழுந்து, உலகின் விதியை மாற்றப் போகும் குழந்தை இந்த நிமிஷம் பனிமலைச் சரிவில் பிறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு அங்கேயே விழுந்து சாகிறாள். விஷயம் வெளியே போகக்கூடாது. குழந்தையைக் கண்டுபிடிக்க வேண்டும். எப்படி?

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாளை உருவவில்லை. மந்திரக் கண்ணாடி பார்க்கவில்லை. ஊரைச் சுற்றி ராணுவம் முகாமிட்டிருந்த நாட்களில் குழந்தை பெற்ற ஒவ்வொரு தாய்க்கும் நூறு பொன் நாணயம் பரிசு என்று தலைவி அறிவிக்கிறார். பரிசு கொடுக்க வேண்டுமென்றால் பெயர் வேண்டும். மாணவிகளை முகாம் முகாமாக அனுப்பிப் பெயர் எழுதி வரச் சொல்கிறார். குளிரில் மேஜை போட்டு உட்கார்ந்து, வரிசையில் நிற்கும் பெண்களிடம் பேர் என்ன, குழந்தை பேர் என்ன, என்றைக்குப் பிறந்தது என்று மொய்ரேன் எழுதிக்கொண்டே இருக்கிறாள். மற்றவர்களுக்கு அது குமாஸ்தா வேலை. இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் அந்தப் பட்டியலில் எங்கோ ஒரு வரியில் உலகத்தின் விதி இருக்கிறது என்று தெரியும். ரகசியமாக ஒரு நகல் எடுத்துக்கொள்கிறார்கள்.

உலகத்தைக் காப்பாற்றும் கதை ஒரு பேரேட்டிலிருந்து ஆரம்பிக்கிறது சார்! வணிகவியல் படித்தவனுக்கு இதைவிடப் பெரிய கௌரவம் எந்த மாயாஜால எழுத்தாளரும் செய்ததில்லை.

இப்போது 'தெரிந்த முடிவு' விஷயத்துக்கு வருவோம். அந்த மீனவப் பெண் ஸியுவான் என்ன ஆகப் போகிறாள் என்று தொடரைப் படித்தவருக்குத் தெரியும். அதே கோபுரத்தின் தலைமைப் பீடத்தில் உட்காரப் போகிறாள். பிறகு நான்காம் பாகத்தில், சொந்தக் கூட்டமே அவளைக் கீழே இழுத்துப் போட்டு, பதவியையும் சக்தியையும் பிடுங்கிக்கொள்ளப் போகிறது. இது தெரிந்த பிறகு, இருபது சொச்சம் வயதில் அவள் அந்த மாடிப்படிகளில் சிரித்துக்கொண்டு ஓடுவதைப் படித்துப் பாருங்கள். சிரிப்பு தொண்டையில் நிற்கும். புதிதாகப் படிக்கிறவருக்கு அது வெறும் குறும்பு. உங்களுக்கு அது வேறு.

அதற்குத்தான் முன்கதை. அடுத்து என்ன நடக்கும் என்று தவிக்க வைப்பது அதன் வேலை இல்லை, அதற்குத் தொடர் இருக்கிறது. என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்தவனை உட்கார வைத்து, தெரியாதவர்களைக் காட்டுவதுதான் முன்கதையின் வேலை. அம்மாவின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது 'கடைசியில் அப்பாவைத்தான் கட்டிக்கிட்டாங்கன்னு தெரியுமே, இதுல என்ன த்ரில்?' என்றா கேட்கிறோம்?

இதே காரணத்துக்காக ஒரு சிபாரிசு. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் 'காலப்படி இதுதானே முதல்' என்று முன்கதையிலிருந்து தொடங்காதீர்கள். சின்னப் புத்தகம், சுலபமாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். வந்த வரிசையில் படியுங்கள். ஆல்பத்தில் இருப்பவர்கள் யார் என்று தெரிந்த பிறகு பார்த்தால்தான் ஆல்பம்.

மூன்றாவது குற்றச்சாட்டு. 'பழைய சரக்கு.'

இதில் நான் வாசகர் பக்கம். முழுசாக.

1998-ல் ராபர்ட் சில்வர்பெர்க் 'லெஜண்ட்ஸ்' என்று ஒரு தொகுப்பு கொண்டு வந்தார். பதினொரு பிரபல எழுத்தாளர்கள், ஆளுக்கு ஒரு குறுநாவல், அவரவர் ஏற்கெனவே படைத்த உலகத்திலிருந்து. ஸ்டீபன் கிங் உண்டு, உர்சுலா லெ குவின் உண்டு, டெர்ரி பிராட்செட் உண்டு. 'நியூ ஸ்பிரிங்' முதலில் குறுநாவலாக அதில்தான் வந்தது. பிறகு வெள்ளைக் கோபுரத்துப் பகுதிகளை விரித்துச் சேர்த்து, ஆறு வருடம் கழித்துத் தனிப் புத்தகமாகக் கெட்டி அட்டையில் விற்றார்கள். தொகுப்பை வாங்கியவன் ஒரு பகுதிக்கு இரண்டாம் தடவை காசு கொடுத்தான். 'இது எனக்குப் பிடிக்கவில்லை' என்று அவன் சொன்னால் அது புலம்பல் கிடையாது, நுகர்வோர் குரல். அதற்கு அட்டையில் பெரிசாகப் பதில் எழுத வேண்டியது பதிப்பாளர் பொறுப்பு.

வேடிக்கை என்னவென்றால் மூன்றில் நியாயமான இந்தக் குற்றச்சாட்டுதான் சத்தம் குறைவாகக் கேட்டது. 'பாக்கி எங்கே?' கூச்சலில் மூழ்கிப் போயிற்று.

அந்தத் தொகுப்பைப் பற்றி இன்னொரு சங்கதி. அதே புத்தகத்தில் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதிய ஒரு முன்கதையும் இருக்கிறது. 'தி ஹெட்ஜ் நைட்.' பின்னாளில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்று டிவியில் உலகமே பார்த்த அந்தத் தொடருக்கு சுமார் தொண்ணூறு வருடம் முந்திய கதை. ஒரு நெட்டையான ஏழை வீரன், ஒரு மொட்டைத் தலைச் சிறுவன். 1998-ல் மார்ட்டினின் தொடர் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. யாருக்கும் பாக்கி இல்லை. அதனால் கதையைக் கதையாகப் படித்தார்கள், கொண்டாடினார்கள். தொடரின் ஐந்தாம் பாகம் 2011-ல் வந்தது. ஆறாவதுக்கு வாசகர்கள் வருடக்கணக்கில் காத்திருக்க ஆரம்பித்தார்கள். 2015-ல் அதே நெட்டையன் - மொட்டையன் கதைகள் மூன்றையும் சேர்த்து, படங்களோடு ஒரே புத்தகமாகக் கொண்டு வந்தபோது பலர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'ஆறாம் பாகம் எங்கே?'

அதே கதை சார். அதே நெட்டையன், அதே மொட்டையன். ஒரு வரி கெட்டுப் போகவில்லை. மாறியது வாசகனின் கைக்கடிகாரம் மட்டும்தான். நாம் மதிப்பெண் போட்டது கதைக்கா, காலண்டருக்கா?

பேட்ரிக் ரோத்ஃபஸ் என்று இன்னொருவர். இரண்டு பெரிய பாகம் எழுதி (2007, 2011) மூன்றாவதுக்கு எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோது, 2014-ல் ஒரு குட்டிப் புத்தகம் வெளியிட்டார். தொடரில் ஓரமாக வந்து போகும் ஒரு பெண், பாதாள அறைகளில் தனியாக வாழ்கிறாள். அவளைத் தவிர வேறு பாத்திரம் கிடையாது. வசனம் கிடையாது. சோப்பு காய்ச்சுவது பக்கம் பக்கமாக வரும். முன்னுரையிலேயே 'நீங்கள் இதை வாங்காமல் இருப்பது நல்லது' என்கிற தொனியில் அவரே எச்சரிக்கிறார். ஒரு எழுத்தாளன் தன் புத்தகத்தின் வாசலில் நின்று வாசகனைத் திருப்பி அனுப்புகிற நிலைமைக்கு வந்தாயிற்று. அவ்வளவு பயம்! அதையும் மீறி வாங்கிவிட்டு 'இதில் கதையே இல்லை' என்றவர்கள் உண்டு. அவர்களை என்ன செய்வது?

திட்டுகிறவர்களை மட்டும் சொல்லிவிட்டு விட்டால் ஓரவஞ்சனை. பாராட்டியவர்களையும் பாருங்கள். 'நியூ ஸ்பிரிங்' பிடித்தவர்கள் என்ன சொன்னார்கள்? 'அப்பாடா, பழைய ஜோர்டன்! இழுக்கவே இல்லை!' இதுவும் இந்தப் புத்தகத்துக்கான பாராட்டு இல்லை, ஐயா. பத்தாம் பாகத்துக்குக் கொடுத்த இன்னொரு அறை. மூத்த மருமகளைக் குத்துவதற்காக இளைய மருமகளின் ரசத்தைப் புகழும் மாமியார்களை நமக்குத் தெரியாதா? ரசம் எப்படி இருந்தது என்று கடைசி வரை வெளியே வராது.

'காசு கொடுத்தவன் கேள்வி கேட்கக்கூடாதா?' என்பீர்கள். கேளுங்கள். ஆனால் எதற்குக் காசு கொடுத்தீர்கள் என்று ரசீதைப் பாருங்கள். பத்தாம் பாகத்துக்குக் காசு கொடுத்தீர்கள், பத்தாம் பாகம் கிடைத்தது. கணக்கு நேர். பதினொன்றாம் பாகத்துக்கு நீங்கள் அட்வான்ஸ் எதுவும் கட்டவில்லை. உங்களிடம் இருப்பது கடன் பத்திரம் இல்லை, எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்புக்கு மதிப்பு உண்டு. வியாபாரத்தில் அதற்கு குட்வில் என்று பெயர். எழுத்தாளன் இழுத்தடித்தால் குட்வில் கரையும். நீங்கள் அடுத்ததை வாங்காமல் விடலாம். அது உங்கள் ஆயுதம், கூர்மையான ஆயுதம். அதைப் பயன்படுத்த யார் அனுமதியும் தேவையில்லை.

எழுத்தாளர்கள் எல்லாம் தியாகிகள் என்றும் நான் சொல்ல வரவில்லை. 'தொடரும்' என்று போட்டவனுக்குப் பொறுப்பு உண்டு. வருஷம் தவறாமல் 'இதோ முடிந்துவிட்டது' என்று தேதி சொல்லி, தவறி, மறுபடி தேதி சொல்கிறவரை வாசகன் நாலு கேள்வி கேட்கத்தான் வேண்டும். எப்போது வரும் என்று கேளுங்கள். பத்தாம் பாகம் இழுவை என்றால் இழுவை என்று பத்தாம் பாகத்தின் தலையில் எழுதுங்கள். நானும் கூட நின்று எழுதுகிறேன். வராத புத்தகத்தின் கோபத்தை வந்த புத்தகத்தின் தலையில் கொட்டுவதுதான் தப்பு. அடுத்த வீட்டுப் பையன் கண்ணாடியை உடைத்ததற்கு நம் வீட்டுப் பையனை அடிப்பது போல. கண்ணாடியும் ஒட்டாது, பையனுக்கும் எதற்கு அடி வாங்கினோம் என்று தெரியாது.

இதில் நஷ்டம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? எழுத்தாளனுக்குக் கொஞ்சம். பெரிய நஷ்டம் அடுத்த வாசகனுக்கு. இருபது வருடம் கழித்து ஒருவன் இந்தப் புத்தகத்தை வாங்கலாமா என்று அபிப்ராயங்களைப் புரட்டுகிறான். அவனுக்கு எந்தப் பாக்கியும் இல்லை. தொடர் 2013-லேயே முடிந்துவிட்டது. பதினான்கும் வரிசையாகக் கிடைக்கின்றன. 2021-ல் அது டிவி தொடராகவும் வந்து, மொய்ரேனையே நாயகியாக்கி, மூன்று சீசன் ஓடி, 2025-ல் நிறுத்தவும்பட்டுவிட்டது. அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: புத்தகம் நன்றாக இருக்கிறதா? நாம் எழுதி வைத்திருப்பது: 'பதினொன்றாம் பாகம் இன்னும் வரவில்லை.' எப்பேர்ப்பட்ட சேவை!

திட்டவே கூடாதா என்றால், தாராளமாகத் திட்டலாம். எப்படி என்று நானே காட்டுகிறேன். 'நியூ ஸ்பிரிங்'கில் லான் பகுதியும் மொய்ரேன் பகுதியும் வெகுநேரம் தனித்தனிப் பாதையில் போகின்றன. தையல் சரியாக விழவில்லை. உலகம் அழியப் போகிற அவசரத்தில் மொய்ரேன் துணிக்கடைக்குப் போய் உடை தைக்கக் கொடுக்கும் காட்சி, ஜோர்டனுக்குப் பட்டு, பாவாடை வர்ணனை மேல் இருந்த தீராத ஆசை. லான் அவளைக் குளத்தில் தூக்கிப் போடும் நகைச்சுவை எல்லாருக்கும் ரசிக்காது. அரண்மனையில் நடக்கும் கடைசி மோதல் அவசர அவசரமாக முடிகிறது. மறுபக்கம், சால்வை வாங்குவதற்கான அந்தப் பரீட்சை. நூறு மந்திரப் பின்னல்களை வரிசை தவறாமல், எது வந்து பயமுறுத்தினாலும் முகம் மாறாமல் செய்து முடிக்க வேண்டும். அது ஒன்றுக்காகவே புத்தகத்தை வாங்கலாம். நாட்டை இழந்த ராஜாவான லான், தனக்காக யாரும் சாகக்கூடாது என்று கொடி பிடிக்க மறுப்பது இன்னொன்று.

எண்ணிப் பாருங்கள். நாலு திட்டு, ரெண்டு பாராட்டு. ஒன்றில்கூடப் பதினொன்றாம் பாகம் வரவில்லை. கஷ்டமாகவா இருந்தது?

உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யாராவது பெரிய கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு சின்ன முன்கதையை நீட்டத்தான் போகிறார். அதை வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம். வாங்கினால் படியுங்கள். படித்தால் சொல்லுங்கள். கையில் இருக்கும் புத்தகத்தைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். பாக்கிப் பட்டியலை வேறொரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஒரு நாள் வரும்.